மாமியார் நடுக்கம்

உபதேசியார் கலெம்பாவின் தலையில் வலது பாதி வழவழவென்று ஆகி, இடது பாதி இன்னும் காடாக இருந்த நேரத்தில், முடிவெட்டிக்கொண்டிருந்த கயீவாவின் கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் அவன் மெஷினைத்தான் சந்தேகப்பட்டான். கம்பாலாவின் நத்தேத்தேயில் மின்சாரம் ஏறி இறங்கி விளையாடுவது ஒன்றும் புதிதல்ல. சுவிட்சை அணைத்தான். மெஷின் நின்றது, கை நிற்கவில்லை.

"என்னப்பா, கரண்ட் போயிருச்சா?" என்றார் கலெம்பா, கண்ணை மூடியபடியே.

"இல்லைங்க. ஒரு நிமிஷம்."

"சீக்கிரம் முடி. கோயில்ல கல்யாணம் இருக்கு. நான்தான் வாசகம் வாசிக்கணும்."

கயீவா வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தான். இப்போது இரண்டும் ஆடின. மூச்சை அடக்கிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தான். உபதேசியாரின் காதுக்கு மேலே வாய்க்கால் வெட்டியதுபோல் ஒரு கோடு விழுந்தது.

கலெம்பா கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். கடவுள் பயம் உள்ளவர், அதனால் வாயில் வந்ததை விழுங்கினார். கயீவாவின் தொப்பியையே வாங்கி மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். எதிர்க்கடைக்காரன் பொழுது சாயும்வரை அந்தத் தலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

நடுக்கத்துக்குக் காரணம் கயீவாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வந்தது வினை.

அன்று காலையில் செங்கெராவில் பிளேடு வாங்கப் போனவன், மழைக்குப் பயந்து மசாக்கா பக்கமிருந்து வந்த டாக்ஸி வேனில் ஏறினான். வேன் ஏற்கெனவே நிறைந்திருந்தது. நிறைந்த வேனில் ஆள் ஏற்றுவதுதானே கண்டக்டரின் கெட்டிக்காரத்தனம். முதுகில் கைவைத்து அவனை நடு சீட்டில் திணித்துக் கதவை இழுத்துச் சாத்தினான். குனிந்தபடி உட்கார்ந்த கயீவாவின் கண்ணில் முதலில் பட்டது, ஜன்னலோரம் இருந்தவளின் மடி. ஊதா நிறக் கோமேசி உடுப்பு, அதில் பொன்னிறக் கொக்குகள், இடுப்பில் அகலக் கச்சை.

அந்தத் துணியை அவனுக்கு நன்றாகத் தெரியும். பெண் கேட்டுப் போன நாளில் மாமியாருக்குக் கொடுப்பதற்காக அவனே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. அதுபோல் இன்னொன்று கம்பாலாவிலேயே கிடையாது என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான்.

மாமியாரும் மாப்பிள்ளையும் தோளோடு தோள் உரச உட்காரலாமா? தப்பித்தவறிக் கைபட்டால் என்ன ஆகும் என்று எங்கள் புகாண்டாவில் நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும். ஒபூக்கோ வரும். உடம்பு நடுங்கத் தொடங்கும், நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பயந்துதான் மாமியார் எதிரே வந்தால் மாப்பிள்ளை வேலியோரமாக ஒதுங்குகிறான். வீட்டுக்குப் போனால் அவள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் நலம் விசாரிக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கயீவா தன் மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது கிடையாது. மரியாதை தெரிந்த பிள்ளை.

அந்த மரியாதையோடு அவன் கழுத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடினான். அந்த அம்மாளாவது ஒதுங்கினாளா என்றால், இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. ரேடியோ அலறியதில் ஒன்றும் காதில் விழவில்லை. திருப்பத்தில் ஒரு பைக் குறுக்கே பாய, டிரைவர் பிரேக்கை மிதித்தான். அவள் அவன்மேல் சரிந்தாள். விழுகிறவர்களைத் தாங்குவது கைக்குப் பழக்கம், அவன் கை அவள் கையைப் பிடித்துவிட்டது. அதைவிடக் கொடுமை, வேன் நேரான பிறகும் அவள் விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கிழவி பயந்துபோய்விட்டாள் என்று நினைத்தான் கயீவா. கையை உதறிக்கொண்டு, "நிறுத்துங்க, நான் இறங்கணும்" என்று கத்தி, புசேகாவில் குதித்து, கொட்டுகிற மழையில் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

இதையெல்லாம் அவன் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இல்லை. அவன் மனைவி நமூலி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. தப்பு அவன் பேரில்தான். நமூலியின் தங்கையைப் பெண் கேட்டு வந்த விசேஷத்துக்கு மூத்த மாப்பிள்ளை முன்னால் நிற்க வேண்டாமா? சனிக்கிழமைக் கூட்டத்தை விட மனமில்லாமல் கடையிலேயே நின்று, பந்தலைப் பிரிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். மறுவாரம் நமூலி கட்டிய துணியோடு கிளம்பிவிட்டாள்.

கோபித்துப் போனவளைப் புருஷன்தான் கறியும் சர்க்கரையுமாக மாமனார் வீட்டுக்குப் போய், தப்பை ஒப்புக்கொண்டு அழைத்துவர வேண்டும். அதுதான் வழக்கம். கயீவா போகவில்லை. "தானாப் போனவ தானா வரட்டும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வீறாப்பாகச் சொன்னான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அலமாரியைத் திறந்து அவள் துணிகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். சாயங்காலம் போன் போடுவான். அவள் எடுப்பாள், பேசமாட்டாள். இவனும் பேசமாட்டான். காசு தீரும்வரை இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

டாக்ஸியில் வந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். மாமியார் போய்ச் சொல்லிவிட்டாள் என்பது கயீவாவுக்கு உறுதியாயிற்று. அவமானத்தில் கை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடியது.

முதல் வைத்தியம் பார்த்தவன் பைக் ஓட்டும் நண்பன் ஜூக்கோ.

"ஆடறதைக் கட்டிப் போட்டா ஆடாது, அவ்வளவுதான்" என்று டியூப் ரப்பரை எடுத்து முழங்கை முதல் மணிக்கட்டுவரை இறுக்கிச் சுற்றினான்.

"வலிக்குதுடா."

"வலிக்கட்டும். நடுக்கம் பயந்துக்கும்."

நடுக்கம் பயப்படவில்லை. தோளுக்கு ஏறிக்கொண்டது. கயீவா தோளைக் குலுக்கிக்கொண்டே தெருவில் நடந்தபோது, நன்றாக ஆடுகிறான் என்று இரண்டு பெண்கள் கை தட்டினார்கள்.

அடுத்து வந்தவள் தெயோபிஸ்டா அத்தை. அப்பாவின் அக்கா, குடும்பத்தில் யாருக்கு எந்த உறுப்பில் கோளாறு என்றாலும் கருத்துச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"மாமியாரைத் தொட்டியாடா பாவி? இது கையோட நிக்காது. அடுத்தது கால். அப்புறம் தலை. கடைசியில நாக்கு."

"நாக்குமா அத்தை?"

"உங்க தாத்தாவோட சிநேகிதர் ஒருத்தர், கடைசிக் காலத்துல தன் பேரையே முழுசாச் சொல்ல முடியாமப் போனார்."

மறுநாள் காலையில் கயீவாவுக்கு வலது கால் ஆடியது. அத்தை கசப்பு வேரை இடித்துக் குளிப்பாட்டினாள். தலை ஆடத் தொடங்கியது, அதுவும் இடதும் வலதுமாக. "கடை திறந்திருக்கா?" என்று கேட்டு வந்தவர்கள், அவன் தலையைப் பார்த்து இல்லை என்று எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். "திறந்திருக்கு, வாங்க" என்று வாய் சொல்லும், தலை மறுக்கும். ஜனங்கள் தலையைத்தான் நம்பினார்கள்.

"நான் சொன்னேன்ல" என்று அத்தை பெருமையோடு சொன்னாள். "சொன்னது சொன்னபடி வருது பார்."

நாக்கு வருவதற்குள் ஜூக்கோ அவனைப் பைக்கின் பின்னால் ஏற்றி, தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நரம்பு டாக்டர் லமுனு வடக்கே அச்சோலிப் பக்கத்துப் பெண்மணி. அதிகம் பேசாதவர். கயீவாவை நடக்கச் சொன்னார், பின்பக்கமாக நடக்கச் சொன்னார். முன்னால் போகும்போது தடுமாறிய கால், பின்னால் போகும்போது ஒழுங்காகப் போனது. ஜூக்கோ வாயைப் பிளந்தான்.

"இனிமே பின்பக்கமாவே நடந்திரலாமே டாக்டர்?"

"நீங்க வெளியில உட்காருங்க" என்றார் டாக்டர்.

பிறகு கயீவாவின் வலது கையை நீட்டச் சொல்லி, தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, மேஜையில் விரலால் ஒரு தாளம் தட்டினார். "இதே மாதிரி இடது கையால தட்டுங்க. கவனம் தட்டறதுல இருக்கட்டும்."

கயீவா தட்டினான். டாக்டர் வேகத்தை மாற்றினார், அவனும் மாற்றினான். ஒரு கட்டத்தில் டாக்டர் போனை அவனிடம் நீட்டினார். படத்தில் வலது கை, இடது கையின் தாளத்துக்கே ஆடியது. தாளம் தவறிய இடத்தில் நடுக்கம் அப்படியே நின்றும் போயிருந்தது. அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"நரம்பு கெட்டு வர்ற நடுக்கம் இப்படி அடுத்தவன் தாளத்துக்கு ஆடாது. உங்க நரம்பு நல்லாயிருக்கு."

கயீவாவின் முகம் சுருங்கியது. "அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?"

"இல்ல. நடிக்கிறவன் கொஞ்ச நேரத்துல கை ஓய்ஞ்சு போயிருவான். நீங்க நாள் முழுக்க ஆடறீங்க. இது நிஜமான வியாதி. ரேடியோ கெட்டுப்போகல, ஸ்டேஷன் விலகியிருக்கு, அவ்வளவுதான். திருப்பி வைக்கலாம்."

"எதனால வந்துச்சு டாக்டர்?"

"பயத்துல வரும், துக்கத்துல வரும். சில பேருக்குக் காரணமே இல்லாமலும் வரும். ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

அவன் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. "எங்க பக்கமும் மாமியார்னா பயம்தான்" என்றார். "கையில ஆரம்பிச்சது கால், தலைன்னு வரிசையா வந்ததே, அது எப்படி?"

"அத்தை சொன்ன வரிசை டாக்டர்."

"அடுத்தது என்னன்னு சொன்னாங்க?"

"நாக்கு."

"நல்லவேளை, அதுக்கு முந்தி வந்துட்டீங்க. உங்க நம்பிக்கையை நான் குத்தம் சொல்லல. அடுத்து எது ஆடணும்னு உங்க உடம்புக்கு அத்தை பாடம் எடுத்திருக்காங்க. இனிமே நாம எடுப்போம்." சற்று நிறுத்தி, "வீட்டுக்காரம்மா எங்கே?" என்று கேட்டார்.

கயீவா சொல்லத் தொடங்கினான். நமூலி காலையில் டீ போடும்போது பாதி வரியோடு பாட்டை விட்டுவிடுவாள், மீதியை அவன் பாட வேண்டும் என்று சொன்னான். கடைக்குப் போகிற வழியெல்லாம் இப்போது அந்தப் பாதி வரி மட்டும் வருகிறது என்று சொன்னான். அவள் இல்லாத வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லி, வெட்கமில்லாமல் அழுதான். அழுதுகொண்டே கண்ணைத் துடைத்த கை அசையாமல் இருந்ததை டாக்டர் காட்டிய பிறகுதான் கவனித்தான். கவனித்ததும் அது மறுபடியும் ஆடியது.

"பார்த்தீங்களா? கவனிச்சா ஏறும், மறந்தா இறங்கும். மாத்திரை கிடையாது. பயிற்சி இருக்கு. கையைப் பெருசா, மெதுவா வீசிப் பழகுங்க. வேலை செய்யும்போது பாடுங்க."

பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். அவளிடம் வாராவாரம் போனான். கால் முதலில் சரியாயிற்று, பிறகு தலை. கைக்குத்தான் பாட்டு தேவைப்பட்டது. கயீவாவுக்கு முழுதாகத் தெரிந்தது கோயில் பாட்டும் சாவு வீட்டுப் பாட்டும்தான். சாவு வீட்டுப் பாட்டுப் பாடினால் கை அழகாக நின்றது, ஆனால் நாற்காலியில் இருந்தவர் பாதியில் எழுந்து போனார். ஈஸ்டர் பாட்டுப் பாடினான். அது துள்ளலான பாட்டு. மெஷினும் துள்ளி ஒருவரின் கிருதாவைக் கொண்டுபோயிற்று. கடைசியில் நமூலி விட்டுப்போன அந்தப் பாதி வரியையே பாடினான். அதில் கை நின்றது. நாள் முழுவதும் அதையே பாடினான். கேட்டவர்களுக்கு அலுத்துப்போனது, அவனுக்கு அலுக்கவில்லை.

ஒருநாள் உபதேசியார் கலெம்பாவே திரும்பி வந்து உட்கார்ந்தார். முழுத் தலையும் ஒழுங்காக முடிந்தது. அன்று சாயங்காலம் கயீவா ஜூக்கோவிடம் போனான்.

"நாளைக்கு மாமனார் வீட்டுக்குப் போறேன். நீதான் எனக்காகப் பேசணும்."

"தானா வரட்டும்னு சொன்னியே?"

"வரலையே. அவ இல்லாம என்னால முடியலடா."

ஜூக்கோ கேலி செய்ய வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

மாட்டுக்கறி, சர்க்கரை, சோப்பு எல்லாவற்றோடும் மறுநாள் மசாக்கா சாலையில் ம்பிகி ஊரைத் தாண்டி உள்ளே போனார்கள். மாமனார் வரவேற்பறையில் உட்காரவைத்தார். உள்வாசலில் திரை தொங்கியது. அதன் பின்னால் மாமியார் நிற்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். நமூலி டீயோடு வந்து மண்டியிட்டு, அந்நியரை வரவேற்பதுபோல் முறைப்படி நலம் கேட்டாள். இளைத்திருந்தாள். அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கயீவா கோப்பையை வாங்கினான். திரை அசைந்தது. கோப்பை தட்டில் தடதடவென்று ஆட ஆரம்பித்தது.

பாதி வரியை முணுமுணுத்துப் பார்த்தான். அதைக் கேட்டு நமூலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீ பாதிக்குமேல் தட்டுக்கு வந்துவிட்டது.

"குளிருதா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

பேச வந்த ஜூக்கோ பேசினான். "மலேரியாங்க. லேசா."

மாமனார் உடனே கம்பளியை எடுத்துவரச் சொன்னார். நல்ல வெயிலில் கயீவா கம்பளிக்குள் உட்கார்ந்து நடுங்கினான், வேர்த்தான். "ரொம்ப வேர்க்குதே" என்று கவலைப்பட்டார் அவர்.

"கொஞ்சம் முத்தின மலேரியா" என்றான் ஜூக்கோ.

"அப்படின்னா இந்த நிலைமையில பிள்ளையை எப்படி அனுப்புறது? உடம்பு தேறட்டும். அடுத்த மழை கழிஞ்சு வாங்க, பேசலாம்." அவர் எழுந்துகொண்டார்.

அடுத்த மழை கழிந்தா? கயீவா கம்பளியை உதறிவிட்டு எழுந்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"மலேரியா இல்லைங்க. தங்கச்சி விசேஷத்துக்கு நேரத்துக்கு வராதது என் தப்பு. தானா வரட்டும்னு வீறாப்புப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு. இவ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியல. ஆனா அதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துபோச்சு." அவன் குரலும் ஆடியது. "போன மழையில, செங்கெராவிலேர்ந்து வந்த டாக்ஸியில, நான் வாங்கிக் கொடுத்த கோமேசியோட மாமி பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. நான் முகத்தைப் பார்க்கல, சத்தியமாப் பார்க்கல. பிரேக் போட்டப்ப தெரியாம அவங்க கையைப் பிடிச்சுட்டேன். அந்தப் பயத்துலதான் இறங்கி ஓடினேன். அன்னையிலிருந்து இந்த நடுக்கம்."

மாமனாரின் கைத்தடி கீழே விழுந்தது. ஜூக்கோ தலையில் கைவைத்துக்கொண்டான்.

"என்னடி இது?" என்று மாமனார் திரையைப் பார்த்துக் கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

நமூலி மண்டியிட்ட இடத்திலேயே நிமிர்ந்து, வந்ததிலிருந்து முதல்முறையாகக் கயீவாவின் முகத்தைப் பார்த்தாள்.

மாமியார் மாப்பிள்ளையோடு நேராகப் பேசக்கூடாது. ஆகையால் திரைக்குப் பின்னாலிருந்து அவள் ஜூக்கோவிடம் பேசினாள்.

"தம்பி, நான் போன மழைக்கு இந்த வாசலைத் தாண்டலைன்னு உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க. மாத்துத்துணி இல்லாம என் உடுப்பைக் கட்டிக்கிட்டு, நானே அவர்கிட்டப் போறேம்மான்னு கிளம்பினது இவதான். பக்கத்துல வந்து உட்கார்ந்த புருஷன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, பிடிச்ச கையை உதறிட்டு இறங்கிப் போயிட்டார்னு அழுதுக்கிட்டே திரும்பி வந்தா."